நீல நிறக் கூடத்திற்கு எந்தச் சன்னல் திரை பொருந்தும்?

லாஸ்பேட்டைவாசி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். புதுச்சேரி லாஸ்பேட்டையில் இரண்டாம் மாடியில் இருக்கும் எங்கள் வீட்டின் கூடத்தைச் சென்ற மாதம் முழுக்க நீலத்தில் மாற்றி அமைத்தோம். மூன்று சுவர்கள் மிக வெளிறிய நீலம். தொலைக்காட்சி இருக்கும் சுவர் மட்டும் பேனா மையைப் போன்ற அடர்ந்த நீலம். சோபாவின் உறை சற்றே சாம்பல் கலந்த நீலம். கூரை வெள்ளை, தரை பழைய மொசைக். நீலத்தைத் தவிர வேறு நிறம் எதுவும் புதிதாக உள்ளே வரக்கூடாது என்பது நானாக வைத்துக்கொண்ட கட்டுப்பாடு. சன்னல்களின் முறை வரும்வரை அதைக் காப்பாற்றுவது எளிதாகவே இருந்தது.

மேற்கே 6 அடி அகலமும் நாலரை அடி உயரமும் உள்ள யுபிவிசி சன்னல். கண்ணாடிகளைப் பக்கவாட்டில் இழுத்துத் திறக்க வேண்டும். தெற்கே 4 அடிக்கு 4 அடியில் மரச் சன்னல். அதன் கதவுகள் வெளியே திறக்கும், உள்பக்கம் கிரில் உண்டு. பூப்போட்ட பழைய ஸ்கிரீன்களைக் கழற்றிவிட்டோம். இப்போது பிற்பகல் மூன்று மணிக்கு மேல் மேற்குச் சன்னலின் வெயில் நேராக சோபாவின் மீது விழுகிறது.

கடையில், குழலில் சுருண்டு ஏறும் ரோலர் பிளைண்டுக்கு எங்கள் சுவரின் நிறத்திலேயே ஒரு துணியைக் காட்டினார்கள். ஷேடு கார்டோடு வைத்துப் பார்த்தபோது வேறுபாடே தெரியவில்லை. கடைக்காரர் பழக்கமானவர் என்பதால், சன்னலை மறைக்கும் அளவுக்கு அந்தத் துணியை இரண்டு நாள்களுக்குக் கொடுத்து உதவினார். மாலை நான்கு மணிக்கு அதைக் கட்டிவிட்டு உட்கார்ந்தால், கூடமே குளத்துக்கு அடியில் போய்விட்டது போல இருந்தது. தேநீர் குடிக்க வந்த எதிர்வீட்டு அம்மாள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, 'உடம்புக்கு என்ன?' என்று இரண்டு முறை கேட்டார். சுவரில் அழகாக இருந்த அதே நீலம் சன்னலில் ஏன் இப்படி ஆனது என்று எனக்கு விளங்கவில்லை.

என் கணவர் வெள்ளை பிளைண்ட் போட்டுவிடலாம் என்கிறார். கடலூர் முதுநகரில் வாழ்ந்த என் மாமியார், மேற்கு வெயிலுக்கு மூங்கில் தட்டியைவிடச் சிறந்தது எதுவும் இல்லை என்று உறுதியாகச் சொல்கிறார். திரை சுவரின் நிறத்திலேயே இருக்க வேண்டுமா, இரண்டு சன்னல்களுக்கும் ஒரே வகைத் திரைதான் போட வேண்டுமா, இந்த ஊரின் உப்புக் காற்றுக்கும் ஐப்பசி, கார்த்திகை ஈரத்துக்கும் எது தாங்கும் என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

மஞ்சக்குப்பம் திரைக்காரர்

சகோதரிக்கு வணக்கம். கடலூரில் பதினான்கு ஆண்டுகளாகச் சன்னல் திரைகள் தைத்தும் மாட்டியும் வருகிறேன். துணியைச் சன்னலில் கட்டிப் பார்த்த பிறகு முடிவெடுக்க நினைத்தீர்களே, அதுவே உங்களைப் பெரிய செலவிலிருந்து காப்பாற்றியது. பெரும்பாலானவர்கள் சுவரில் வைத்துப் பார்த்து வாங்கிவிட்டு, மாட்டிய மறுநாள் எங்களோடு சண்டைக்கு வருகிறார்கள்.

நடந்தது இதுதான். சுவரில் ஒளி முன்பக்கத்திலிருந்து பட்டுத் திரும்பி நம் கண்ணுக்கு வருகிறது. சன்னலில் தொங்கும் மெல்லிய துணியிலோ, ஒளி பின்பக்கத்திலிருந்து துணியைத் துளைத்துக்கொண்டு வருகிறது; அப்படி வரும்போது அந்தச் சாயத்தையும் ஏந்திக்கொண்டு வருகிறது. ஏற்கெனவே நீலமாக இருக்கும் சுவரில் நீல ஒளி விழுந்தால் நீலம் இரட்டிப்பாகும். மனிதத் தோலின் செம்மையும் மஞ்சளும் அந்த ஒளியில் மங்கிப்போகும். உங்கள் எதிர்வீட்டு அம்மாள் கவலைப்பட்டதில் தவறில்லை. இரவில் விளக்கைப் போட்டுவிட்டுப் பார்த்தால் அதே துணி மறுபடியும் சுவரைப் போலவே சாதுவாக இருந்திருக்கும். பகலில் அது விளக்கு, இரவில் அது சுவர். ஆகவே மாதிரித் துணியைக் காலை பத்து மணிக்கும், மாலை நான்கு மணிக்கும், இரவு விளக்கிலும் பார்க்காமல் யாருக்கும் முன்பணம் கொடுக்காதீர்கள்.

ஒளியே புகாத பிளாக்-அவுட் துணி போட்டால் இந்தத் தொல்லை இராது. வெளிப்பக்கம் வெள்ளைப் பூச்சு உள்ள வகையை எடுத்தால் வெப்பத்தையும் ஓரளவு திருப்பி அனுப்பும். படுக்கையறைக்கு அதையே சொல்வேன். ஆனால் பிற்பகல் முழுவதும் கூடத்தை இருட்டாக்கிவிட்டு விளக்கெரிப்பது சரியாகப் படவில்லை. மேற்குச் சன்னலுக்கு நான் சொல்வது சன்ஸ்கிரீன் எனப்படும் கண்ணறைத் துணி. அது நுண்ணிய துளைகளோடு நெய்யப்பட்டது; துணிப் பரப்பில் துளை எவ்வளவு என்பதை 1, 3, 5, 10 விழுக்காடு என்று குறிப்பார்கள். நேர் வெயில் விழும் உங்கள் சன்னலுக்கு 3 விழுக்காடு போதும். இதில் அடர்ந்த நிறத்தை எடுத்தால், நூல் ஒளியை விழுங்கிவிடும். உள்ளே வருவது பெரும்பாலும் துளை வழியே வரும் ஒளிதான் என்பதால் அதற்குச் சாயம் ஏறாது. கண் கூச்சம் குறைவதோடு வெளியே இருப்பதும் தெளிவாகத் தெரியும். வெளிறிய நிறத்தை எடுத்தால் வெப்பத்தைக் கூடுதலாகத் திருப்பி அனுப்பும். ஆனால் வெயில் பட்டதும் துணியே ஒளிர்ந்து கண்ணைக் கூசும், வெளியே பார்க்கவும் முடியாது. உங்கள் சோபாவின் சாம்பல் நீலத்துக்கு நெருங்கிய அடர்நிறம் கிடைத்தால் அதுவே என் தேர்வு. ஒரு குறை உண்டு. இரவில் உள்ளே விளக்கெரிந்தால் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு உள்ளே இருப்பவை நிழலாகத் தெரியும். எதிரே மாடி வீடு இருந்தால் இதை யோசித்துக்கொள்ளுங்கள்.

தெற்குச் சன்னலுக்கு இவ்வளவு கவலை வேண்டாம். நம் ஊர் ஏறக்குறைய 12 பாகை வடக்கில் இருப்பதால், உச்சிவேளைச் சூரியன் ஆண்டின் பெரும்பகுதி தெற்கே சாய்ந்திருந்தாலும் உயரத்தில்தான் நிற்கும்; சன்ஷேடே பெரும்பாலும் அதைத் தடுத்துவிடும். மேற்கே சூரியன் இறங்கி வந்து பக்கவாட்டில் பார்ப்பதால் அங்கே சன்ஷேடு உதவுவதில்லை. அதே காரணத்தால், கிடைமட்டப் பட்டைகள் உள்ள வெனிஷியன் பிளைண்டை மேற்கில் மாட்டினால் வெயில் நேரத்தில் முற்றிலும் மூட வேண்டிவரும். தெற்கில் அதே பட்டைகளைக் கொஞ்சம் சாய்த்து வைத்தாலே காற்றும் வெளிச்சமும் வரும்.

அடர்ந்த பட்டையும் மெல்லிய பட்டையும் மாறி மாறி வரும் ஜீப்ரா பிளைண்ட் வேண்டுமா என்று கடையில் கட்டாயம் கேட்பார்கள். ஒரே நிறத்தில் அமைதியாக இருக்கும் கூடத்தில் அந்தக் கோடுகள் மட்டும் கண்ணை இழுத்துக்கொண்டே இருக்கும். அதை விற்கும் நானே சொல்கிறேன், உங்களுக்கு அது வேண்டாம்.

அரியாங்குப்பம் நண்பர்

இவ்வளவு ஆராய்ச்சி தேவையா என்று தோன்றுகிறது. எங்கள் வீட்டுக் கூடம் பச்சை. ஆறு ஆண்டுகளாக, செங்குத்துப் பட்டைகள் உள்ள வெள்ளை வெர்டிகல் பிளைண்ட்தான் தொங்குகிறது. எந்த நிறத்தோடும் வெள்ளை சண்டையிடாது. நாளைக்கே சுவரின் நிறத்தை மாற்றினாலும் திரையை மாற்ற வேண்டியதில்லை. உங்கள் கணவர் சொல்வதைக் கேளுங்கள்.

சாயத்தாழி

அரியாங்குப்பம் நண்பர் சொல்வது பச்சைக்குச் சரியாக இருந்திருக்கலாம். நீலத்துக்குப் பக்கத்தில் வெள்ளையை வைப்பதில் ஒரு சிக்கல் இருப்பதால், நூலுக்குச் சாயமேற்றும் வேலையில் பாதி வாழ்நாளைக் கழித்தவன் என்ற முறையில் சில சொற்கள்.

கடையில் வெள்ளை என்று எடுத்துப் போடும் துணிகளில் பாதி பால் நிறமாகவும் மீதி சந்தனச் சாயலோடும் இருக்கும். தனியாகப் பார்த்தால் அது தெரியாது. நீலச் சுவருக்குப் பக்கத்தில் போனதும் அழுக்கேறிய மஞ்சளாகத் தெரியும், ஏனென்றால் ஒரு நிறம் தன் அண்டை நிறத்தைத் தனக்கு எதிரான பக்கம் தள்ளிவிடுகிறது. பாரிசில் அரசுக்குச் சொந்தமான கோபெலின் திரைச்சீலை நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவைக் கவனித்துவந்த ஷெவ்ரேல் என்ற வேதியியலாளரிடம், கறுப்புச் சாயம் வலுவில்லாமல் இருக்கிறது என்ற புகார் வந்தது. ஆராய்ந்தபோது சாயத்தில் குறையில்லை, பக்கத்தில் நெய்த நீலமும் ஊதாவும்தான் கறுப்பை அப்படிக் காட்டின என்று கண்டார். 1839-இல் அவர் அதை விரிவாக எழுதி வெளியிட்டார். ஆகவே வெள்ளைதான் வேண்டுமென்றால், துளி நீலம் கலந்த குளிர்ந்த வெள்ளையாக எடுக்க வேண்டும். சொட்டு நீலம் போட்டு அலசிய வேட்டியின் வெள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள், அம்மா.

ஆனால் உங்கள் கட்டுப்பாட்டை நீங்கள் தளர்த்த வேண்டாம் என்பதே என் விருப்பம். நீலமும் இந்த ஊரும் பழைய உறவினர்கள். பிரெஞ்சுக்காரர் காலத்தில் புதுச்சேரியில் அவுரிச் சாயமேற்றிய நீலத் துணி கப்பலேறி மேற்கு ஆப்பிரிக்காவின் செனகலுக்குப் போயிற்று. அங்கே பிசின் வணிகத்தில் அந்தத் துணியே காசாகவும் செல்லுபடியானது. அவுரித் தாழியில் நனைத்து எடுத்த துணி முதலில் மஞ்சள் பச்சையாக வெளியே வரும். காற்றுப் பட்டதும் கண்ணெதிரே நீலமாக மாறும். ஒருமுறை முக்கினால் வானத்து நீலம், பல முறை முக்கினால் கறுப்பை நெருங்கும் நீலம். எத்தனை முறை முக்கினாலும் அவை ஒரே தாழியின் பிள்ளைகளாகத்தான் இருக்கும். ஒன்றின் பக்கத்தில் ஒன்றை வைத்தால் ஒருநாளும் முறைத்துக்கொள்ளா. ஒரே நிறத்தில் அறை அமைப்பவர் தேட வேண்டிய ஒழுங்கு இதுவே. உங்கள் சுவரின் நீலத்தில் சற்றே பச்சை ஓடுகிறதா, ஊதா ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள். சுவரில் பச்சை ஓடி, திரையில் ஊதா ஓடினால், இரண்டும் நீலம் என்று சொல்லிக்கொண்டாலும் அவை வேறு வேறு தாழியைச் சேர்ந்தவை.

சாயல் ஒத்துப்போன பிறகு, வெளிறலும் அடர்த்தியும் படிப்படியாக இறங்குகின்றனவா என்று பார்க்க வேண்டும். இதற்குக் கண்ணை நம்ப வேண்டாம். கூடத்தைக் கைப்பேசியில் கறுப்பு வெள்ளையாகப் படம் எடுங்கள். எது எதனோடு ஒட்டிக்கொள்கிறது, எது தனித்து நிற்கிறது என்பது உடனே தெரிந்துவிடும். சில வண்ண நிறுவனங்களின் ஷேடு கார்டில் எல்.ஆர்.வி. என்ற எண் இருக்கும். கறுப்பு 0, வெள்ளை 100 என்று வைத்து, ஒரு நிறம் எவ்வளவு ஒளியைத் திருப்பித் தருகிறது என்பதைக் காட்டும் எண் அது. அடுத்தடுத்த இரண்டு பொருள்களுக்கு அந்த எண் ஏறக்குறைய ஒரே அளவாக இருந்தால் பட்டுச்சேலையில் உடலும் கரையும் பிரியாமல் போனது போலாகிவிடும். 'செல்ஃப்' சேலையில் ஒரே நிறத்தை வைத்துக்கொண்டு நெசவின் புடைப்பாலும் பளபளப்பாலும் கரையைப் பிரித்துக் காட்டுவார்களே, அந்த வழியும் உண்டு. முரட்டு நூலின் முடிச்சுகள் தெரியும் கைத்தறித் துணியில் திரை தைத்தால் நிறம் மாறாமலேயே சுவரிலிருந்து அது விலகி நிற்கும்.

அவுரிப் பருத்தியை மேற்கு வெயிலில் மட்டும் தொங்கவிடாதீர்கள். ஓரிரு கோடையிலேயே மடிப்பு விழுந்த இடமெல்லாம் வெளுத்துவிடும்.

குருசுக்குப்பம் பெரியவர்

கடலுக்கு நான்கு தெரு தள்ளி வசிப்பவன் என்பதால், நிறத்தை விட்டுவிட்டு இரும்பைப் பற்றிச் சொல்கிறேன். திரையின் துணி பத்து ஆண்டு வந்தாலும் அதைத் தாங்கும் திருகும் பிராக்கெட்டும் இங்கே வருவதில்லை. எங்கள் வீட்டில் முதலில் மாட்டிய பிளைண்டில் முலாம் பூசிய சாதாரணத் திருகுகள் துருப்பிடித்து, சுவரில் பழுப்பு நிறத்தில் ஒழுகிய கோடுகள் இன்னும் அழியவில்லை. துருப்பிடிக்காத எஃகில் 304 என்றும் 316 என்றும் வகைகள் உண்டு. உப்புக் காற்றுக்கு 316 நன்றாகத் தாங்கும். லாஸ்பேட்டை கடற்கரையை ஒட்டிய பகுதி இல்லை என்றாலும், திருகுக்காகச் செலவாகும் சில நூறு ரூபாயைப் பார்க்காதீர்கள். உண்மையான மரப் பட்டைகள் ஈரத்தில் முறுக்கிக்கொள்ளும். மரம் போன்ற தோற்றம் வேண்டுமென்றால் பிவிசி பட்டை, இல்லையென்றால் அலுமினியம்.

மாமியார் சொல்வதை யாருமே எடுத்துப் பேசாதது எனக்கு வருத்தம். கண்ணாடிக்கு உள்ளே தொங்கும் எந்தத் திரையும் வெப்பம் வீட்டுக்குள் நுழைந்த பிறகுதான் அதைத் தடுக்கப் பார்க்கிறது; கண்ணாடிக்கு வெளியே தொங்கும் தட்டி அதை வாசலிலேயே நிறுத்துகிறது. பிரெஞ்சுக்காரர் குடியிருந்த தெருக்களில் சாய்ந்த மரப் பட்டைகள் அடுக்கிய சன்னல் கதவுகளை இன்றும் பார்க்கலாம்; அவையும் கண்ணாடிக்கு உள்ளே தொங்கியவை அல்ல. 1930-களில் இங்கே அரவிந்தர் ஆசிரமத்துக்காகக் கட்டடக் கலைஞர் ஆன்டனின் ரேமண்ட் வடிவமைத்துக் கட்டத் தொடங்கிய கோல்கொண்டா விடுதியின் வடக்கு, தெற்கு முகப்புகள் முழுவதும் உள்ளிருந்து திருப்பக்கூடிய கிடைமட்டப் பலகைகளால் ஆனவை. அகன்ற முகப்புகளை வடக்கு தெற்காக வைத்ததால்தான் கிடைமட்டப் பலகை அங்கே பயன்பட்டது. மேலே திரைக்காரர் சொன்ன கணக்கும் அதுதான்.

தட்டி வெளியே தொங்கினால் உங்கள் நீலக் கட்டுப்பாட்டுக்குள் அது வராது என்பதையும் மாமியார் சார்பில் தெரிவித்துக்கொள்கிறேன். மூங்கில் உளுத்துப்போகாமல் இருக்கப் பக்குவம் செய்ததாக வாங்க வேண்டும். காற்றில் அடிக்காதபடி அடிப்பக்கத்தைக் கட்ட வேண்டும். புயல் எச்சரிக்கை வந்தால் முதலில் கழற்ற வேண்டியது அதைத்தான். 2011 டிசம்பர் 30 காலை தானே புயல் கரையைக் கடந்தபோது எங்கள் தட்டி யார் வீட்டு மாடிக்குப் போனது என்று இதுவரை தெரியவில்லை. அந்த அனுபவத்தால் 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் வருவதற்கு முன்பே புதிய தட்டியைச் சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டேன்.

லாஸ்பேட்டைவாசி

பொறுமையாக எழுதிய அனைவருக்கும் நன்றி. கறுப்பு வெள்ளைப் படம் எடுத்துப் பார்த்ததில் எனக்கே வெட்கமாகிவிட்டது. மூன்று படிகளாக இருப்பதாக நான் நம்பிக்கொண்டிருந்த கூடத்தில் உண்மையில் இரண்டு படிகள்தான் உள்ளன. சோபாவும் தொலைக்காட்சிச் சுவரும் ஒரே சாம்பலாகத் தெரிகின்றன, வெளிறிய சுவர் மட்டும் எங்கோ உயரத்தில் தனியாக நிற்கிறது. நடுப்படி காலியாக இருக்கிறது. கணவர் காட்டிய வெள்ளைத் துணியைச் சுவரருகே பிடித்தபோது, சாயத்தாழி ஐயா சொன்னபடியே பழைய செய்தித்தாளின் நிறத்துக்கு வந்துவிட்டது. அதைப் பார்த்த பிறகு அவரும் வெள்ளையைப் பற்றிப் பேசவில்லை.

சுவரின் நீலத்தில் பச்சைதான் ஓடுகிறது. அதே சாயலில், கறுப்பு வெள்ளைப் படத்தில் சுவருக்கும் சோபாவுக்கும் நடுவே விழும் கைத்தறித் துணி ஒன்று கிடைத்தது. வெள்ளை உள்துணி வைத்துத் தெற்குச் சன்னலுக்கு, மடிப்பு மடிப்பாக மேலே ஏறும் ரோமன் பிளைண்டாகத் தைக்கலாம் என்று முடிவு செய்துள்ளோம். மேற்குக்கு 3 விழுக்காடு சன்ஸ்கிரீன். அடர்ந்த சாம்பல் நீலத்தை மாலை நான்கு மணிக்குக் கட்டிப் பார்த்தபோது முகங்கள் முகங்களாகவே இருந்தன. மேற்கு எதிரே காலி மனை என்பதால் இரவைப் பற்றி இப்போதைக்குக் கவலையில்லை. எங்கள் குடியிருப்பில் சன்னலுக்கு வெளியே எதையும் தொங்கவிட அனுமதி இல்லை. ஆகவே மூங்கில் தட்டி துணி துவைக்கும் பின்பக்கத் தாழ்வாரத்துக்குப் போகிறது. பெரியவர் எழுதியதை மாமியாருக்குப் படித்துக் காட்டினேன். உள்ளே தொங்கும் திரையைப் பற்றிய வரியை மட்டும் மறுபடியும் படிக்கச் சொல்லிக் கேட்டார்.

திரைக்காரரிடம் இன்னும் இரண்டு கேள்விகள். சன்னல் சட்டத்துக்கு உள்ளே மாட்டுவதா, வெளியே சுவரில் மாட்டுவதா? இரவில் எங்கள் மஞ்சள் விளக்கில் கைத்தறி நீலம் மங்கலாகத் தெரிகிறதே, அது துணியின் குறையா?

மஞ்சக்குப்பம் திரைக்காரர்

துணியின் குறையில்லை, சகோதரி. விளக்கொளி மஞ்சளா வெள்ளையா என்பதைக் கெல்வின் என்ற அளவால் குறிப்பார்கள்; 2700 கெல்வின் மஞ்சள் விளக்கின் ஒளியில் நீலப் பங்கு குறைவு. இல்லாத நீலத்தைத் துணி எப்படித் திருப்பித் தரும்? 6500 போட்டால் கூடம் மருந்துக் கடையைப் போலக் குளிர்ந்துவிடும். 4000 கெல்வினில் ஒரு விளக்கை வாங்கி ஒரு வாரம் எரித்துப் பாருங்கள். பொருந்தினால் மற்றவற்றையும் மாற்றலாம்.

தெற்கே கிரில் உள்பக்கம் இருப்பதால் சட்டத்துக்குள் மாட்ட இடமிராது. சுவரில்தான் மாட்ட வேண்டும். இரு பக்கமும் நான்கு அங்குலம் கூடுதலாக விடுங்கள். ரோமன் பிளைண்டைத் தூக்கும்போது மடிப்புகள் மேலே சேர்ந்து சன்னலின் தலையை மறைக்கும். ஆகவே பிராக்கெட்டைச் சட்டத்திலிருந்து எட்டு அங்குலம் உயர்த்தி வைத்தால் வெளிச்சம் குறையாது. மேற்கேயும் சுவரில் மாட்டுவதே நல்லது. ரோலரின் துணி அதன் குழல் அமைப்பைவிட இரு பக்கமும் ஏறக்குறைய ஒன்றரை சென்டிமீட்டர் குறுகியிருக்கும். சட்டத்துக்குள் மாட்டினால் அந்த இடைவெளி வழியே நான்கு மணி வெயில் கத்தியைப் போல சோபாவில் கோடு போடும். அகலத்தை மேலே, நடுவே, கீழே என மூன்று இடங்களில் அளந்து, அவற்றுள் பெரியதன் மேல் கூடுதலைச் சேர்க்கச் சொல்லுங்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் இழுக்கும் சங்கிலியைத் தொங்கவிடாமல் கைக்கு எட்டாத உயரத்தில் சுவரோடு பிடித்து வைக்க வேண்டும்.

துளை போடும்போது தூள் பறந்து வெளிறிய சுவரில் படியும். ஈரத் துணியால் துடைத்தால் கறை பரவும், உலர்ந்த தூரிகையால் தட்டிவிடுங்கள். சுவருக்குப் பூசியதில் மிச்சம் இருந்தால், ஆள் வருவதற்கு முன்பே ஒரு கிண்ணம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிராக்கெட்டைச் சுற்றிச் சிறிய சில்லுகள் பெயர்வதை எவ்வளவு கவனமான ஆளாலும் தவிர்க்க முடிவதில்லை.